கண்ணாடிக் கலம்

ஜனவரி 12

அன்பு அண்ணாவுக்கு,

வாலு எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. இருமல் ஒன்று வந்து பத்து நாள் குடியிருந்துவிட்டு அதுவாகவே காலி செய்துகொண்டு போய்விட்டது. உன் முதுகுவலி தேவலையா? அண்ணி சௌக்கியமா? போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டுவாய். காகிதத்தில் "ம்" கொட்ட முடியாது, அதனால்தான் கடிதம்.

நான் இங்கே என்னதான் செய்கிறேன் என்று அண்ணி கேட்டார்களாமே. இந்தப் பக்கத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டு. அண்ணி, மிளகு அளவு ஒரு பிளாட்டினத் துண்டு. அதைக் காரக் கரைசலின் மேல்மட்டத்தைத் தொட்டும் தொடாமலும் தொங்கவிடுவோம். கார்பன் மோனாக்சைடு வாயுவை உள்ளே விட்டால் அது பிளாட்டினத்தின் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். பேருந்தில் சன்னலோர இருக்கை பிடித்தவர் மாதிரி, எழுந்திருக்கவே எழுந்திருக்காது. மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால், ஒரு கட்டத்தில் தண்ணீரிலிருந்து ஆக்சிஜன் வந்து அதைப் பிடித்துக் கார்பனேட்டாக்கி வெளியே அனுப்பும். அப்போது மின்னோட்டம் சரசரவென்று ஏறி இறங்கும். திரையில் அது ஒரு மேடாகத் தெரியும். எப்போது எழுகிறது, எந்த இடத்திலிருந்து எழுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. இதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.

அண்ணா, இனி உனக்கு. பேராசிரியை எனக்கு முதல் வேலையாக ஒரு பழைய கட்டுரையைக் கொடுத்திருக்கிறார். பெரிய மேட்டுக்கு முன்னாலேயே, குறைந்த மின்னழுத்தத்தில், ஒரு சின்ன மேடு வருகிறது. பிளாட்டினப் பரப்பில் அணு உயரத்துக்குப் படிகள் இருக்கின்றன, படியோரத்தில் உட்கார்ந்த வாயுதான் முதலில் எழுந்து போகிறது என்று சொல்கிற கட்டுரை. ஏழு வருடத்துக்கு முந்தியது. யார் எழுதியது என்று உனக்குத் தெரியாதா என்ன. தங்களுக்கு அந்தச் சின்ன மேடு வரவில்லை என்று இன்னொரு குழு எழுதியதிலிருந்து அது அந்தரத்தில் தொங்குகிறதாம். "நாமளே செஞ்சு பாத்துடுவோம். இருந்தா இருக்குன்னு எழுதுவோம், இல்லன்னா தப்புன்னு எழுதி முடிச்சிடுவோம்" என்றார். நான் உன் தங்கை என்று இன்னும் சொல்லவில்லை. மேட்டைக் காட்டிவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம். பதினைந்து நாள் வேலை.

முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்.

உன் வாலு


ஜனவரி 27

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. முதுகு இருக்கிற இடத்திலேயே இருக்கிறது, வலியும் அங்கேயே இருக்கிறது. உன் அண்ணி சௌக்கியம். உன் கடிதத்தின் முதல் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். சன்னலோர இருக்கையைக் கேட்டுச் சிரித்தவள், "இவ்வளவு சுலபமா இருக்கறத நீங்க ஏன் இத்தனை வருஷமா சொல்லல?" என்று என் பக்கம் திரும்பினாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்றேன்.

இங்கே குடிநீர் நிலையத்தில் அதே பிழைப்பு. காலையில் எட்டுக் குழாய்களில் தண்ணீர் பிடித்து, குளோரின் பார்த்து, பலகையில் எழுதி, பத்து மணிக்கு டீ. தண்ணீரில் மருந்து வாசனை அடிக்கிறது என்று ஒருவர் தினமும் போன் செய்கிறார். வாசனை அடிக்கவில்லையென்றால்தான் பயப்பட வேண்டும் என்று தினமும் சொல்கிறேன்.

அந்தப் பழைய கட்டுரையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. உனக்கென்று புதிதாக ஒரு வேலையைக் கேட்டு வாங்கு. பழைய செருப்பைத் தேடிப் போய்க் காலில் மாட்டிப் பார்ப்பானேன்.

இன்னொன்று. இனிமேல் கடிதங்களை என் அலுவலக முகவரிக்கே போடு. வீட்டுத் தபால் பெட்டியில் பூட்டு சரியில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்


மார்ச் 3

அன்பு அண்ணாவுக்கு,

நான் சுகம். நீங்கள் இருவரும் சுகம்தானே? பதில் போட இத்தனை நாளாயிற்று என்று திட்டாதே.

என் அறையில் குழாய் சொட்டுகிறது. வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "ஆமா, சொட்டுது" என்று எனக்கே தகவல் சொல்லிவிட்டுப் போனார். புதிதாகச் செருப்பு வாங்கினேன், இடது கால் கடிக்கிறது. பேராசிரியை நல்லவர். சத்தமே போடமாட்டார், பதிலுக்கு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தால், எங்கே தப்பு என்று நாங்கள் குறிப்பேட்டைப் புரட்ட ஆரம்பிப்போம்.

சும்மாத்தான் கேட்கிறேன்: அந்த நாளில் பிளாட்டினத்தை எத்தனை நேரம் சுடரில் காட்டுவாய்? பாத்திரங்களை எப்படிக் கழுவினாய்? காரம் எந்தத் தரம்? அவசரமில்லை. நாளைக்கே எழுதினாலும் போதும்.

உன் வாலு


மார்ச் 14

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம். செருப்புக்குள் இரண்டு நாள் ஈரக் காகிதத்தைத் திணித்து வை, கடிக்காது.

நீ கேட்டது: சுடரில் செக்கச் சிவக்கும்வரை, அதற்குமேல் அரை நிமிடம். ஹைட்ரஜனும் ஆர்கனும் கலந்த காற்றில் ஆறவிட்டு, சுத்தமான நீரில் ஒரு சொட்டு அதன் தலையில் ஏற்றி மூடி, ஊர்க்காற்று படாமல் கொண்டுபோக வேண்டும். பாத்திரங்களை இரவு முழுக்க பெர்மாங்கனேட்டில் ஊறப்போட்டு, மறுநாள் ஐந்து தடவை நீர் மாற்றிக் கொதிக்கவிட வேண்டும். காரம் இருப்பதிலேயே உயர்ந்த தரம். வாயுவை இரண்டு நிமிடம் விடு, பிறகு கரைசலில் மிச்சமிருப்பதை ஆர்கன் விட்டு அரை மணி நேரம் விரட்டு. அப்புறம்தான் மின்னழுத்தத்தை ஏற்ற வேண்டும், அதுவும் மெதுவாக.

இதெல்லாம் கட்டுரையிலேயே இருக்கிறது. நீ வரிவரியாகப் படித்திருப்பாய். படித்தும் கேட்கிறாய் என்றால், உனக்கு மேடு வரவில்லை. அப்படித்தானே?

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணா,

உடம்பு நன்றாக இருக்கிறது, தூக்கம்தான் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்?

வரவில்லை. நாற்பத்தொரு தடவை செய்துவிட்டேன். பிளாட்டினத்தை மாற்றினேன், காரத்தை மாற்றினேன், வாயு உருளையை மாற்றினேன். பெரிய மேடு ஒவ்வொரு தடவையும் அழகாக வருகிறது. அதற்கு முன்னால் உன் சின்ன மேடு இருக்க வேண்டிய இடத்தில் கோடு தரையோடு படுத்திருக்கிறது.

நேற்று பேராசிரியையிடம் போய் நீ என் அண்ணன் என்று சொல்லிவிட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொன்னது நல்லதாப் போச்சு. ஆனா பிளாட்டினத்துக்கு அண்ணன் தங்கச்சி தெரியாதும்மா" என்றார். மே மாதக் கடைசிவரை நேரம் கொடுத்திருக்கிறார். அதற்குள் வந்தால் சரி. இல்லையென்றால் ஜூன் கூட்டத்தில், அந்த மேடு இல்லை, அளவீடு தவறு என்று அறிவிக்கிறார். அறிக்கையில் முதல் பெயர் என்னுடையது.

எனக்குப் பயமாக இருக்கிறது. எட்டாம் வகுப்பில் பேட்டரியைப் பிரித்துக் காட்டி என்னை இந்தப் பக்கம் இழுத்துவிட்டவன் நீ. உன் பெயரை அடித்துப்போடும் கை என் கையாக இருக்க வேண்டுமா? ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா அண்ணா, எழுதாமல் விட்டது, அற்பமாக நினைத்தது? சமையலே தெரியாதவனுக்கு அடுப்பு மூட்டுவதிலிருந்து சொல்வதுபோல எனக்குச் சொல். உடனே எழுது.

உன் தங்கை


மே 4

அண்ணா,

நலமா என்று கேட்கக்கூட இப்போது பயமாக இருக்கிறது. கடிதம் போட்டு முப்பத்திரண்டு நாள். அண்ணிக்குப் போன் செய்தேன். "நல்லாத்தான் இருக்கார், என்ன, சாப்பாடு பாதியிலேயே எழுந்துடறார்" என்றார்கள். என்ன விஷயம் என்று அவர்களிடம் நான் சொல்லவில்லை. நீ ஏன் அலுவலக முகவரி கொடுத்தாய் என்பது அந்தப் பேச்சில்தான் எனக்கு மெல்ல உறைத்தது. வீட்டுத் தபால் பெட்டிக்குப் பூட்டே கிடையாதாமே.

கோபமாக எழுதினாலும் பரவாயில்லை, எழுது. இன்னும் இருபத்தேழு நாள்தான் இருக்கிறது.

வாலு


மே 9

அன்புத் தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன்மேல் கோபமும் இல்லை. மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அந்தக் கனத்தோடுதான் இத்தனை வருடமாக நடக்கிறேன். இன்று இறக்கி வைத்துவிடுகிறேன்.

கட்டுரையில் "கண்ணாடிக் கலத்தில் அளந்தோம்" என்று இருக்கிறதே, அது பொய்.

ஆய்வகத்தில் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு கண்ணாடிக் கலம். காரம் பட்டுப்பட்டு அதன் மூடி இறுகிக்கொண்டது. திருகினேன், கையோடு உடைந்து வந்துவிட்டது. புதியது வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். கட்டுரையை அனுப்ப எனக்கு இருந்ததே இரண்டு மாதம். பையில் உன் அண்ணி கட்டிக்கொடுத்த மதியச் சாப்பாட்டு டப்பா இருந்தது, புது பிளாஸ்டிக் டப்பா. சாப்பிட்டுவிட்டு அதை அமிலத்தில் ஊறப்போட்டேன், ஆறு தடவை நீர் மாற்றிக் கொதிக்கவிட்டேன், கம்பியைக் காய்ச்சி மூடியில் நாலு ஓட்டை போட்டேன். மூன்று வாரம் அதில்தான் அளந்தேன். சின்ன மேடு ஒரு நாள் தவறாமல் வந்தது.

எழுத உட்கார்ந்தபோது அந்த வரியில் கை நின்றுவிட்டது. எங்கள் பேராசிரியர் ஆய்வகத்தில் ஒரு டீக்கரண்டியைப் பார்த்தால்கூட, "இது என்ன, அடுக்களையா?" என்று சன்னல் வழியாக எறிகிறவர். சாப்பாட்டு டப்பாவில் அளந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? கண்ணாடிக் கலம் என்று எழுதினேன். கட்டுரையில் மற்ற எதுவும் பொய்யில்லை.

அடுத்த வருடம் அந்தக் குழு வரவில்லை என்று எழுதியதும் எனக்குப் புரிந்துபோயிற்று. பிளாஸ்டிக்கிலிருந்து ஏதோ எண்ணெய்ப்பசை கரைந்து வந்திருக்கிறது. அந்தக் கசடைத்தான் நான் கண்டுபிடிப்பு என்று நினைத்திருக்கிறேன். கலத்தைக் காட்டு என்று யாராவது கேட்பதற்கு முன்னால் கிளம்பிவிட்டேன். அப்போது உன் அண்ணியின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. "அவங்களப் பாத்துக்க ஆள் வேணும், நாம திரும்பிப் போயிடலாம்" என்றேன். அவர்கள் ஒரே வருடத்தில் தேறிவிட்டார்கள். தன் அம்மாவுக்காக நான் படிப்பை விட்டேன் என்றுதான் உன் அண்ணி இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறாள். கடிதங்களை இங்கே போடச் சொன்னது அதனால்தான்.

இதை உன் பேராசிரியையிடம் அப்படியே காட்டு. டப்பா, பொய், மேடு இல்லை, மூன்றையும் எழுதுங்கள். உன் கையைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். நான் செய்ததற்கு நீ என்ன செய்வாய்.

நன்றாகத் தூங்கு.

அண்ணன்


மே 27

என் அருமை அண்ணா,

நான் நன்றாக இருக்கிறேன். மிக மிக நன்றாக இருக்கிறேன். நீ உட்கார்ந்துகொண்டு படி, முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு படி.

மேடு வந்துவிட்டது.

உன் கடிதத்தை ஆய்வகப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். முதலில் உன்மேல் கோபம் கோபமாக வந்தது. இரண்டாம் தடவை படித்தபோது அந்த மூடி கண்ணில் பட்டது. காரம் பட்டு மூடி இறுகியது என்று நீயே எழுதியிருக்கிறாய். ஏன் இறுகும்? காரம் கண்ணாடியைத் தின்கிறது, அதனால் இறுகும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தின்றுவிடப் போகிறது என்று நாங்கள் எல்லோரும் கண்ணாடியிலேயே அளந்துகொண்டிருக்கிறோம். எழுந்து பேராசிரியையிடம் ஓடினேன். கடிதத்தை முழுக்கப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார். "போயி ஒரு டப்பா வாங்கிட்டு வா" என்றார்.

நீ எழுதியபடியே அமிலம், ஆறு கொதி, கம்பியைக் காய்ச்சி நாலு ஓட்டை. முதல் தடவையே வந்தது, நீ சொன்ன அதே மின்னழுத்தத்தில். பன்னிரண்டு தடவை செய்தேன், பன்னிரண்டு தடவையும் வந்தது. அப்புறம் பேராசிரியை, "உடைஞ்ச கண்ணாடித் துண்டு நாலு எடுத்து அதே டப்பாவுல போட்டுப் பாரு" என்றார். போட்டேன். ஒரு மணி நேரத்தில் சின்ன மேடு தேய்ந்து காணாமல் போயிற்று. கண்ணாடியிலிருந்து கரைந்து வருவது முதலில் படியோரங்களைப் போய் அடைத்துக்கொள்கிறது போலிருக்கிறது. படி அடைபட்டால் அங்கே ஆக்சிஜன் வந்து சேர இடமில்லை. எங்களுக்கு வராமல் போனதும், அந்தக் குழுவுக்கு வராமல் போனதும் இதனால்தான். நீ கண்ணாடி என்று எழுதினாய், எல்லோரும் உன்னை நம்பிக் கண்ணாடியில் செய்தார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். கண்ணாடி செய்த வேலைக்கு டப்பாவைக் குற்றவாளியாக்கி, நீயே தீர்ப்பும் சொல்லி, நீயே தண்டனையும் அனுபவித்துவிட்டாய். ஒருவரிடம், ஒரே ஒருவரிடம் கேட்டிருக்கக் கூடாதா? கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பாதி சந்தோஷம், பாதி உன்னை நினைத்து.

பேராசிரியை சொல்லச் சொன்னது: "அளவு சரி, வார்த்தை தப்பு. அந்த வார்த்தைய அவரே திருத்தி இதழுக்கு எழுதட்டும். எழுதிட்டு இங்க வரட்டும், பத்து நாள் சேர்ந்து செய்வோம்." ஜூன் கூட்டத்தில் உன் மேடு இருக்கிறது என்றுதான் அறிவிக்கப் போகிறோம். திருத்தம் முதலில் வர வேண்டும் என்பது மட்டும் அவருடைய நிபந்தனை.

அண்ணியிடம் நீ சொல்ல வேண்டும். நான் சொல்லமாட்டேன்.

உன் வாலு


ஜூன் 6

அன்புத் தங்கைக்கு,

நலம். நேற்று முதுகு வலிக்கவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

உன் கடிதத்தைப் பரிசோதனை அறையில் நின்றுகொண்டே படித்தேன். குழாயைத் திறந்து வைத்திருந்தது மறந்துபோய் தொட்டி நிரம்பித் தரையெல்லாம் தண்ணீர். "வீட்டுல ஏதாவது விசேஷமா சார்?" என்று உடன் வேலை செய்பவர் கேட்டார். ஆமாம் என்றேன். துடைப்பத்தை வாங்கி நானே துடைத்தேன். மனசு லேசாக இருந்தது.

இதழுக்குத் திருத்தம் அனுப்பிவிட்டேன். நாலே வரி, ஒன்பது தடவை எழுதிக் கிழித்தேன். "கண்ணாடிக் கலம் என்றிருப்பதை பிளாஸ்டிக் உணவுப் பெட்டி என்று திருத்தி வாசிக்கவும். தவறு முழுக்க என்னுடையது." பதிப்பாசிரியர், உணவுப் பெட்டி என்பது சரிதானா என்று கேட்டுப் பதில் போட்டிருக்கிறார். சரிதான் என்று எழுதினேன். எழுத எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா. என் சின்ன மேடு உண்மை என்பதை இப்போது எத்தனையாவது தடவை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணியிடம் சொல்லப் போகிறேன். பதிப்பாசிரியரிடம் சொன்னதுபோல நாலு வரியில் அது முடியாது. இனிமேல் கடிதத்தை வீட்டுக்கே போடு.

அண்ணன்


ஜூன் 18

என் அன்பு நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். இருவரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, முன்னே பின்னே இருந்தால் சேர்த்துப் படித்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் அண்ணன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார். டாக்டர் ஏதோ சொல்லிவிட்டார் போல என்று பயந்துபோனேன். டப்பா கதையைச் சொன்னார். அந்த டப்பாவைப் பேருந்தில் தொலைத்துவிட்டேன் என்று அன்றைக்கு என்னிடம் சொன்னவர் அவர்தான். அதற்குச் சிரிப்புதான் வந்தது. ஊர் திரும்பிய காரணத்தைச் சொன்னபோது எழுந்து உள்ளே போய்விட்டேன். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

உனக்கு மட்டும் சொல்கிறேன். அவர் செய்தித்தாளில் எங்கேயாவது அறிவியல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றால் நான் அடுக்களைக்குள் போய்விடுவேன். என்னால்தானே, என் அம்மாவால்தானே என்று. அம்மா தேறியதும், "திரும்பப் போயிடலாங்க" என்று நானே கேட்டேன். "விட்டது விட்டதுதான்" என்றார். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவரிடம் நான் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஒரு சண்டை போட்டதில்லை. அவர் எது செய்தாலும் சரி என்று போய்விடுவேன். அக்கம்பக்கத்தில் எங்களை மாதிரி தம்பதி இல்லை என்று சொல்வார்கள். ஒருவருடைய படிப்பைக் கெடுத்தவள் எந்த வாயால் சண்டை போடுவாள்?

மூன்றாம் நாள் காலையில் எழுந்தபோது, நான் ஒன்றும் செய்யவில்லை என்பது திடீரென்று நெஞ்சில் உறைத்தது. நான் யாருடைய படிப்பையும் கெடுக்கவில்லை. எழுந்து முகம் கழுவினேன், பசித்தது.

அடுத்த மாதம் பத்து நாள் விடுப்பு போட்டு அங்கே வருகிறார், பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ, எதில் செய்தாலும் அதையே எழுதச் சொல்லி அனுப்புகிறேன். நீயும் பார்த்துக்கொள்.

நேற்று குளித்துவிட்டு வந்து ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டார். தினமும் போடுகிறவர்தான். நான் தினமும் எடுத்துக் கொடியில் போடுகிறவள்தான். நேற்று எடுக்கவில்லை. "மெத்தை என்ன கொடியா? சொல்லுங்க, கொடியா?" என்று கேட்டேன். அப்படியே திகைத்து நின்றார். பிறகு அவரும் குரலை உயர்த்தினார். துண்டில் ஆரம்பித்து, அம்மா, டப்பா, பூட்டில்லாத தபால் பெட்டி என்று ஒன்றுவிடாமல் முழுதாக ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். பக்கத்து வீட்டில் வானொலியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி